கோல் கும்பஸைத் தாங்கும் எட்டு வளைவுகள்

கர்நாடகத்தில் இன்று விஜயபுரா என்று அழைக்கப்படும் பீஜப்பூரின் கோல் கும்பஸைப் பற்றிப் பேச்செடுத்தால், இரண்டு செய்திகள் உடனே வந்து விழும். மேல்மாடத்தின் ஒரு பக்கத்தில் முணுமுணுத்தால் எதிர்ப்பக்கத்தில் தெளிவாகக் கேட்கும் என்பது ஒன்று. உலகின் இரண்டாவது பெரிய குவிமாடம் அது என்பது மற்றொன்று. முதலாவது உண்மை. இரண்டாவது, கட்டிய காலத்துக்கே பொருந்தாது. கோல் கும்பஸ் குவிமாடத்தின் உள்விட்டம் சுமார் 38 மீட்டர். ரோமில் உள்ள பாந்தியனுடையது 43 மீட்டருக்கும் அதிகம். புனித பேதுரு பேராலயத்தினுடையது 41 மீட்டருக்கும் அதிகம். பிளாரன்ஸ் பேராலயத்தின் மாடமும் இதைவிடப் பெரியதுதான். ஆனால் தரையை அளந்து பாருங்கள். கோல் கும்பஸின் கூடம் பக்கத்துக்குச் சுமார் 41 மீட்டர் உள்ள சதுரம். பரப்பு ஏறத்தாழ 1,680 சதுர மீட்டர். நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. பாந்தியனின் வட்டக் கூடமோ 1,480 சதுர மீட்டர் அளவில் நின்றுவிடுகிறது. சிறிய மாடம் பெரிய தரையை மூடியிருக்கிறது. இது எப்படி முடிந்தது என்ற கேள்விக்குள்தான் இந்தக் கட்டடத்தின் உண்மையான பெருமை இருக்கிறது என்பது என் கருத்து.

பீஜப்பூரை 1490 முதல் 1686 வரை ஆண்ட அடில்ஷாஹி வம்சத்தின் முகமது அடில் ஷா, 1627இல் அரியணை ஏறினார். செஞ்சிக் கோட்டை பீஜப்பூர் வசமானது இவருடைய ஆட்சியில்தான். தனக்கும் தன் குடும்பத்துக்குமான சமாதியாக அவர் எழுப்பிய இந்தக் கட்டடத்தின் நடுமேடையில் அவர், அவருடைய மனைவியர், அவரது அன்புக்குரிய ரம்பா, மகள், பேரன் ஆகியோருக்கான அடையாளக் கல்லறைகள் உள்ளன. உண்மையான கல்லறைகள் மேடைக்குக் கீழே நிலவறையில். 1656இல் அரசர் இறந்தபோது பூச்சு வேலையும் அலங்காரமும் முழுமை பெறவில்லை. கட்டியவர் தாபுல் துறைமுகத்தைச் சேர்ந்த யாகூத் என்று மரபாகச் சொல்கிறார்கள்.

சதுரச் சுவர்களின் மேல் வட்ட மாடத்தை வைக்க முயன்ற எல்லாக் கொத்தர்களும் சந்தித்த சிக்கல் மூலைகள். சுவரின் நடுப்பகுதியில் மாடம் உட்கார இடமிருக்கும். நான்கு மூலைகளிலும் அதன் அடியில் வெற்றுவெளிதான். பீஜப்பூர்க் கொத்தர்கள் இதற்குக் கண்ட வழி, ஒரு சதுரத்தை 45 பாகை திருப்பி இன்னொரு சதுரத்தின் மேல் வைப்பது. அப்போது எட்டு முனைகள் கிடைக்கின்றன, ஒவ்வொரு சுவரிலும் இரண்டு. அந்த எட்டு இடங்களிலிருந்து எழும் எட்டுப் பெரிய வளைவுகள், கூடை முடையும்போது பிரம்புகள் ஒன்றையொன்று கடப்பதுபோல, குறுக்கே வெட்டிக்கொண்டு மேலே செல்கின்றன. அவற்றின் இடைவெளிகளைக் காரையும் கல்லும் கொண்டு நிரப்பியிருக்கிறார்கள். 41 மீட்டர் அகலமுள்ள சதுரம், மேலே போய்ச் சேரும்போது முப்பது மீட்டர் அளவுள்ள வட்டத் திறப்பாகச் சுருங்கிவிடுகிறது. மாடம் அந்தத் திறப்பின் விளிம்பில் நிற்கவில்லை, மூன்று மீட்டருக்கும் மேல் பின்தள்ளி நிற்கிறது. இடைப்பட்ட வளையம்தான் பார்வையாளர்கள் நடக்கும் மேல்மாடம். காதை வைத்துக் கேட்க எல்லோரும் விரும்பும் அந்த இடம், மாடத்தை நிறுத்தும் உறுப்பின் மேற்பரப்பு.

இந்த வளையம் ஏன் முக்கியம்? அரைக்கோள வடிவ மாடம் தன் எடையாலேயே அகலப் பார்க்கும். உச்சிப் பகுதி தன்னைத் தானே இறுக்கிக்கொள்ளும். ஆனால் உச்சியிலிருந்து சுமார் 52 பாகைக்குக் கீழே, சீரான தடிமன் உள்ள மாடத்தில், சுற்றுவாக்கில் இழுவிசை ஏற்படுகிறது. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. அடிப்பகுதி விரிந்து, செங்குத்தாக வெடிப்பு விடும். பாந்தியன் இதைத் தடிமனான சுவர்களால் சமாளித்தது. பிளாரன்ஸில் கல்லாலும் மரத்தாலுமான சங்கிலிகளை உள்ளே புதைத்தார்கள். பேதுரு பேராலய மாடத்தில் வெடிப்புகள் தோன்றியதால் 1740களில் புதிதாக இரும்பு வளையங்களைப் பூட்ட வேண்டியிருந்தது. பீஜப்பூரில், வெளியே விரியப் பார்க்கும் மாடத்தின் காலடியில் உள்நோக்கி நீண்ட கனத்த வளையம் ஒன்றை வளைவுகளே சுமந்து நிற்கின்றன.

உள்ளே தொங்கும் இந்த எடை மாடத்தின் வெளித்தள்ளலைச் சமன் செய்கிறது என்று 19ஆம் நூற்றாண்டில் கட்டடக்கலை வரலாற்றாளர் ஜேம்ஸ் பெர்குசன் வியந்து எழுதினார். கல்கட்டு எதையும் கயிறுபோல இழுத்துப் பிடிக்காது, ஆகவே இது மிகைப்படுத்தல் என்று ஒருவர் மறுக்கலாம். அந்த மறுப்பில் நியாயம் உண்டு. ஆனால் இழுப்பை விட்டுவிட்டுப் பார்த்தாலும் அமைப்பின் பயன் குறையவில்லை. ஒன்றையொன்று வெட்டும் வளைவுகள் ஒவ்வொன்றும் மற்றொன்றுக்கு முட்டுக்கொடுக்கின்றன. மாடத்தின் பாரம் எட்டு இடங்களுக்குப் பிரிந்து, அழுத்தமாகவே சுவருக்கு இறங்குகிறது. சுவரின் தடிமன்தான் எல்லாவற்றையும் தாங்குகிறது என்பது இன்னொரு வாதம். சுவர் தடிமன்தான், எவ்வளவு தடிமனாக இருந்தாலும் மூலையின் வெற்றுவெளியை அது மூடாதே.

இந்த முறை பீஜப்பூரின் கண்டுபிடிப்பு அல்ல என்பதும் உண்மை. 15ஆம் நூற்றாண்டின் தைமூரியக் கட்டடங்களில், ஹெராத்திலும் குராசானிலும், குறுக்கே வெட்டும் வளைவுகள் உண்டு. ஆனால் அவை இதற்குப் பக்கத்தில் வைத்தால் மிகச் சிறியவை. நம்பிக்கை ஒரே நாளில் வந்துவிடவில்லை என்பதற்கு அதே ஊரில் சான்று இருக்கிறது: முகமதுவுக்கு முன் ஆண்ட முதலாம் அலி அடில் ஷா காலத்தில் தொடங்கிய ஜாமி மசூதியின் மாடம், இதே எட்டு வளைவுகளின் மேல்தான் அமர்ந்திருக்கிறது, சிறிய அளவில். அங்கே கை பழகியவர்களின் அடுத்த தலைமுறைகளே இங்கே துணிந்திருக்கின்றன. அழகில் முகமதுவின் தந்தை இரண்டாம் இப்ராகிமின் சமாதியான இப்ராகிம் ரௌஸாவுக்கு இது ஈடாகாது என்பார்கள். செதுக்கு வேலையைப் பொறுத்தவரை நான் மறுக்கமாட்டேன். அங்கே கல்லில் பூவும் எழுத்தும் நெருக்கமாகப் படர்ந்திருக்கின்றன. இங்கே வளைவின் கோடுதான் அலங்காரம். எனக்கு அது போதும்.

மேல்மாடத்தின் ஒலி வித்தை தனியாக வைத்த ஏற்பாடு அல்ல. குழிந்த சுவரை ஒட்டியபடியே ஒலி சிதறாமல் ஊர்ந்து செல்வதை இயற்பியலாளர் ராலே பிரபு லண்டன் புனித பவுல் பேராலயத்தைக் கொண்டு விளக்கினார். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி. ராமன் 1920களின் தொடக்கத்தில் கோல் கும்பஸிலும் அதை ஆராய்ந்தார். மாடம் பின்தள்ளி நிற்பதால்தான் அதன் காலடியில் நின்று கேட்க நமக்கு இடமே கிடைத்தது.

அங்கே போகிறவர்கள் படியேறிக் கைதட்டும் அவசரத்துக்கு முன், கூடத்தின் தரையிலேயே சற்று நிற்க வேண்டுகிறேன். ஏதாவது ஒரு மூலையைப் பார்த்தபடி, ஒரு வளைவு எங்கே தொடங்குகிறது, எத்தனை வளைவுகளைக் கடந்து எந்தச் சுவரில் இறங்குகிறது என்று கண்ணால் தொடர்ந்து பாருங்கள். பிறகு ஜாமி மசூதிக்கும் போங்கள். அதே ஊரில்தான் இருக்கிறது.