பத்திரங்களைக் காக்கும் பெட்டகம்: தீயும் நீரும் புகாத பெட்டியைத் தேர்ந்தெடுக்கும் முறை

உழவர் குடும்பத்தின் சொத்துக்களில் நிலமே முதன்மையானது. அந்த நிலத்திற்கு உரிமை கூறுவன மூலப் பத்திரம், கிரயப் பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம், உயில் போன்ற ஆவணங்களாகும். இவை பெரும்பாலும் டிரங்குப் பெட்டியிலோ, இரும்பு பீரோவிலோ, பரண் மேல் துணிப்பையிலோ வைக்கப்படுகின்றன. 2011-ஆம் ஆண்டு டிசம்பரில் கடலூர்ப் பகுதியைத் தாக்கிய தானே புயல், 2015-ஆம் ஆண்டின் பெருவெள்ளம், 2018-ஆம் ஆண்டு நவம்பரில் டெல்டா மாவட்டங்களைச் சூறையாடிய கஜா புயல், 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த பெருமழை ஆகியவை வீட்டுக்குள் இருக்கும் பொருளும் பாதுகாப்பானதல்ல என்பதைக் காட்டின. கூரை வீடுகளிலும், வைக்கோல் போருக்கு அருகில் உள்ள வீடுகளிலும் தீ விபத்துக்கான வாய்ப்பு எக்காலத்தும் உண்டு. எனவே, தீயையும் நீரையும் தாங்கும் பெட்டகத்தைத் தேர்ந்தெடுக்கும் முறையை உழவர் பெருமக்கள் அறிந்திருத்தல் நலம்.

முதலில் ஆவணங்களைப் பிரித்தல்

பெட்டகம் வாங்குமுன் வீட்டில் உள்ள தாள்களை இரு வகையாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

தொலைந்தாலும் மறுபடி பெறக்கூடியவை முதல் வகை. பதிவு செய்யப்பட்ட பத்திரத்திற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் பெறலாம். பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றை இணையம் வழியாகவும் இ-சேவை மையங்கள் மூலமாகவும் பெறலாம். வைப்புத்தொகை ரசீது, காப்பீட்டுப் பத்திரம் ஆகியவற்றுக்கும் உரிய நிறுவனத்தில் மாற்றுப்படி கிடைக்கும். ஆயினும் மூலப் பத்திரம் தொலைந்தால் நிலத்தை விற்கவும் ஈடு வைக்கவும் அலைச்சலும் காலதாமதமும் ஏற்படும் என்பதை மறத்தல் கூடாது.

அழிந்தால் வேறெங்கும் படி இல்லாதவை இரண்டாம் வகை. பதிவு செய்யாத உயில், வீட்டளவில் எழுதிக்கொண்ட பாகப் பட்டியல், கைமாற்றுக் கடனுக்கான பிராமிசரி நோட்டு, குத்தகை எழுத்து, பழைய கிரய ரசீது போன்றவை இதில் அடங்கும். பெட்டகத்தில் முதலிடம் இவற்றுக்கே அளிக்க வேண்டும். உயிலைப் பதிவு செய்துவிட்டால் அதன் விவரம் அலுவலகப் பதிவேட்டிலும் இருக்கும். முத்திரையிட்ட உறையில் இட்டு மாவட்டப் பதிவாளரிடம் வைப்பாக ஒப்படைக்கவும் 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் வழி செய்கிறது.

கனத்த இரும்பு மட்டும் போதாது

திருடர்க்கு எதிரான பெட்டகம் வேறு, தீக்கு எதிரான பெட்டகம் வேறு. இதுவே வாங்குவோர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது. கனத்த இரும்புத் தகடும் நல்ல பூட்டும் கள்வரைத் தடுக்கும். ஆனால் இரும்பு வெப்பத்தை விரைவாகக் கடத்தும். தாள் சுமார் 230 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் கருகத் தொடங்கும். பெட்டகங்களைச் சோதிக்கும் உலையிலோ 5 நிமிடத்தில் 538 டிகிரியும், 30 நிமிடத்தில் 843 டிகிரியும், 1 மணி நேரத்தில் 927 டிகிரியும் வெப்பம் ஏற்றப்படுகிறது. பற்றி எரியும் அறையில் இருக்கும் சாதாரண பீரோவும் டிரங்குப் பெட்டியும் அடுப்பில் வைத்த வாணலி போலாகிவிடும். உள்ளே சுடர் புகாமலேயே தாள்கள் கருகிவிடும்.

தீ தாங்கும் பெட்டகத்தில் இரண்டு தகடுகளுக்கு நடுவே ஜிப்சம் அல்லது சிமெண்டு கலந்த காப்புப் பொருள் நிரப்பப்பட்டிருக்கும். ஜிப்சத்தின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, அதனுள் பிணைந்திருக்கும் நீராகும். 10 கிலோ ஜிப்சத்தில் சுமார் 2 கிலோ நீர் அடங்கியுள்ளது. தீயில் அகப்படும்போது இந்த நீர் ஆவியாகி வெப்பத்தை ஈர்த்துக்கொள்கிறது. நீர் உள்ளவரை பானைச் சோறு அடிப்பிடிக்காதது போல, காப்புப் பொருளில் நீர் உள்ளவரை உள்ளே வெப்பம் மிகுதியாக ஏறாது. நீர் முழுவதும் வற்றியபின் பாதுகாப்பு நீங்கிவிடும். ஒருமுறை தீயில் அகப்பட்ட பெட்டகத்தை வண்ணம் பூசி விற்றாலும் வாங்கக்கூடாது என்பதற்குக் காரணம் இதுவே.

தரச்சான்றைப் படித்தல்

'தீ தாங்கும்' என்ற சொல் மட்டும் போதாது. எவ்வளவு நேரம், உள்ளே எவ்வளவு வெப்பம் என்ற இரண்டையும் கேட்டறிய வேண்டும். அமெரிக்க நாட்டின் யு.எல். 72 என்னும் தரத்தில், தாள்களுக்கான வகுப்பு '350' எனக் குறிக்கப்படும். இது பாரன்ஹீட் அளவாகும். உள்வெப்பம் 177 டிகிரி செல்சியஸைத் தாண்டாது என்பது இதன் பொருள். கணினித் தகடு போன்றவற்றுக்கு உள்வெப்பம் 52 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஆகவே புகைப்படங்களும் நகல்களும் பதிந்த பென் டிரைவைத் தாள்களுக்கான பெட்டகத்தில் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்க இயலாது. அதன் இன்னொரு படியை வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டில் வைத்தல் நன்று.

நமது நாட்டில் ஐ.எஸ். 550 என்பது பெட்டகங்களுக்கான இந்தியத் தரமாகும். அந்த எண்ணை மட்டும் கண்டு, தீயையும் தாங்கும் எனக் கொள்ளுதல் கூடாது. தீச்சோதனைக்கான சான்றைத் தனியாகக் கேட்க வேண்டும்.

தீயணைப்பு நிலையம் அருகில் உள்ள ஊர்களில் 30 நிமிடத் தரம் ஓரளவு போதும். நிலையம் தொலைவில் உள்ள ஊர்களிலும், மர உத்திரமும் தானிய மூட்டைகளும் உள்ள வீடுகளிலும் 1 மணி நேரத் தரம் வாங்குவதே ஏற்றது. கூரை விரைவில் எரிந்து தீர்ந்தாலும் உத்திரமும் மூட்டைகளும் நெடுநேரம் கனன்றுகொண்டிருக்கும்.

நீர் தாங்கும் தன்மை

தீ தாங்கும் பெட்டகங்கள் யாவும் நீரைத் தாங்குவதில்லை. கதவைச் சுற்றி ரப்பர் பட்டை உள்ளதா, அது இடைவெளியின்றிப் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். தெறிக்கும் நீரைத் தாங்குவது வேறு, நீரில் மூழ்கினாலும் தாங்குவது வேறு. ஐ.பி.எக்ஸ். 7 என்ற குறி இருந்தால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கியது என்று பொருள். வெள்ளம் நாள் கணக்கில் நிற்கும் பள்ளமான ஊர்களுக்கு இது போதாது. எனவே அங்கு உயரமான இடமும் நீர் புகாத உறையும் சேர்ந்தே பாதுகாப்பு அளிக்கும்.

மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். நீர் புகாத பெட்டி வெள்ளத்தில் மிதந்து சென்றுவிடலாம். 40 செ.மீ. நீளம், 35 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம் உள்ள பெட்டியின் வெளிக்கன அளவு 42 லிட்டர். பெட்டியும் உள்ளிருப்பவையும் சேர்ந்து 42 கிலோவுக்குக் குறைவாக இருந்தால் அது மிதக்கும். ஆகவே சுவரிலோ மேடையிலோ பொருத்துதல் வேண்டும். ஆனால் நாமே துளையிட்டால் அத்துளை வழியே வெப்பமும் நீரும் புகும். உற்பத்தியாளர் அமைத்துள்ள துளைகளையே பயன்படுத்த வேண்டும். துளை இல்லாவிடில் இரும்புப் பட்டையால் சுற்றிப் பிணைக்கலாம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

1. வீட்டுக்கு முதன்மையான ஆபத்து எது என்று முடிவு செய்யவும். கூரை வீடு, விறகடுப்பு, அருகில் வைக்கோல் போர் எனில் தீ முதன்மை. ஆற்றங்கரை, ஏரிக்கரை, கடலோரப் பள்ளம் எனில் நீர் முதன்மை.

2. உள்ளளவைப் பார்க்கவும். சுவர் கனமாக இருப்பதால் வெளியே பெரிதாகத் தோன்றும் பெட்டியின் உள்ளே இடம் குறைவாக இருக்கும். பத்திரத்தின் நீள அகலத்தை அளந்து சென்று, மடிக்காமல் வைக்க முடியுமா என்று சரி பார்க்கவும். பழைய பத்திரம் மடிப்பிலேயே முதலில் கிழியும்.

3. எண் பூட்டு உள்ளதாயின் அவசரச் சாவியும் இருக்க வேண்டும். மின்கலத்தை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றவும்.

4. மாற்றுச் சாவியை அதே பெட்டகத்திலோ அதே அறையிலோ வைக்கக்கூடாது. குடும்பத்தில் இன்னொருவருக்கேனும் சாவி இருக்குமிடம் தெரிந்திருக்க வேண்டும்.

வைக்கும் இடமும் பராமரிப்பும்

தீயின்போது வெப்பக் காற்று மேலே திரளும். எனவே பரண் ஏற்றதன்று. வெள்ளத்தில் தரை ஏற்றதன்று. ஊரில் இதுவரை வெள்ளம் எட்டிய உயரத்தைக் கேட்டறிந்து, அதற்கு மேலாகச் செங்கல் மேடை அமைத்து, சமையலறைக்குத் தொலைவான சுவரோரம் வைப்பது நன்று.

காப்புப் பொருளில் உள்ள ஈரத்தால் மூடிய பெட்டகத்தினுள் பூஞ்சாணம் தோன்றலாம். சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை வைத்து, இரு வாரத்திற்கு ஒருமுறை கதவைத் திறந்து சிறிது நேரம் காற்றோட்டம் தரவும்.

பத்திரத்தை லேமினேட் செய்தல் கூடாது. பாலித்தீன் உறை சுமார் 110 டிகிரியில் உருகிவிடும். 177 டிகிரி வரை அனுமதிக்கும் பெட்டகத்தினுள் அது உருகித் தாளோடு ஒட்டிவிடலாம். ஆகவே ஆவணத்தை முதலில் பருத்தித் துணி உறையில் இட்டு, அதன்மேல் பாலித்தீன் உறையைப் போட வேண்டும்.

நகைகளை இதே பெட்டகத்தில் வைப்போர் ஒன்றை அறிய வேண்டும். தூய பொன் 1064 டிகிரியிலும் வெள்ளி 962 டிகிரியிலும் உருகும். பற்றவைத்த இடங்கள் அதற்கு முன்பே விட்டுவிடும், கற்களும் கெடும். ஆயினும் தாளைவிட நகை நெடுநேரம் தாங்கும் என்பதால் இடம் குறைவாயின் ஆவணத்திற்கே முன்னுரிமை தரவும்.

விபத்து நேர்ந்த பின்

தீ அணைந்தவுடன் பெட்டகத்தைத் திறந்துவிடக்கூடாது. உள்ளே சூடேறிய தாள்கள் காற்றுப் பட்டதும் பற்றிக்கொள்ளும். கை வைத்துப் பார்த்துக் குளிர்ந்தபின், ஒரு நாள் ஆனாலும் பொறுத்திருந்து, திறக்கவும். நனைந்த தாள்களை இழுத்துப் பிரிக்காமல் நிழலில் காற்றோட்டமாக உலர்த்தவும். இரண்டு நாட்களுக்குள் உலர்த்தாவிடில் பூஞ்சாணம் பிடிக்கும். கருகிய ரூபாய் நோட்டுகளைத் தூளாகாமல் பெட்டியில் வைத்து ரிசர்வ் வங்கியின் வெளியீட்டு அலுவலகத்தில் கொடுத்தால், விதிகளின்படி மதிப்பைப் பரிசீலிப்பார்கள்.

பெட்டகம் வாங்க இயலாதவர்கள்

வங்கி லாக்கரைப் பயன்படுத்தலாம். ரிசர்வ் வங்கியின் நெறிமுறைப்படி, 1-1-2022 முதல், வங்கிக் கட்டடத்தில் தீ, திருட்டு போன்றவற்றால் இழப்பு நேர்ந்தால் ஆண்டு வாடகையைப் போல் 100 மடங்கு வரை வங்கி பொறுப்பேற்கும். வெள்ளம் போன்ற இயற்கைச் சீற்றத்திற்கு இப்பொறுப்பு கிடையாது. வீட்டிலேயே வைப்போர், ரப்பர் வளையத்துடன் இறுக மூடும் எவர்சில்வர் டப்பாவில் உறையிட்டு வைத்தால் மழை நீரிலிருந்து ஓரளவு காக்கலாம். தீயிலிருந்து அது காக்காது. எனவே எல்லா ஆவணங்களுக்கும் நகல் எடுத்து, பத்திர எண், ஆண்டு, சார்பதிவாளர் அலுவலகத்தின் பெயர், சர்வே எண் ஆகியவற்றை ஒரு தாளில் குறித்து, வெளியூர் உறவினரிடம் ஒரு படி கொடுத்து வைக்கவும். இதற்குச் செலவு நகலெடுக்கும் கட்டணம் மட்டுமே. பெட்டகம் வாங்கியவர்களும் இதைத் தவறாது செய்ய வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், புரட்டாசி மாதத்திலேயே இப்பணியை முடித்துக்கொள்வது நல்லது.