ஓட ஆரம்பித்தால் தைராய்டு மாத்திரையைக் கூட்டணுமா?

வாக்கிங், ஜிம் என்று புதிதாக இறங்கியவர்கள் பலருக்கும் இந்தச் சந்தேகம் வருகிறது. "உடம்பு இவ்வளவு உழைக்குதே, 50 மைக்ரோகிராமை 75 ஆக்கிக்கலாமா?" கூடாது. அன்றன்றைய உழைப்பைப் பார்த்துக் கூட்டிக் குறைக்க இது இன்சுலின் அல்ல.

தைராய்டு குறைவாகச் சுரப்பவர்கள் போடும் இந்த மாத்திரையில் இருப்பது லெவோதைராக்ஸின். அது ரத்தத்தில் பாதியாகக் குறையவே சுமார் 7 நாள் ஆகும். அளவை மாற்றினால், தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். புதிய நிலைக்கு வந்து நிற்க 6 முதல் 8 வாரம் பிடிக்கும். நேற்று மாடிப்படியில் மூச்சு வாங்கியதற்கு வெயில், தூக்கக் குறைவு, ரத்தசோகை என்று எத்தனையோ காரணம் இருக்கலாம். மாத்திரையை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவானேன்?

மருந்து போதாதபோது தசை பிடித்துக்கொள்ளும், பயிற்சிக்குப் பிந்தைய வலி லேசில் போகாது, நாடித்துடிப்பு மந்தமாகும். கூடிப்போவதுதான் ஏமாற்றும். எடை இறங்குகிறதே என்று முதலில் சந்தோஷமாக இருக்கும். இறங்குவதில் தசையும் சேர்த்தி என்பது தெரியாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே படபடப்பு, விரல் நடுக்கம் வரும். வயதானவர்களுக்கு இதயத்துடிப்பு தாறுமாறாகலாம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு தேயலாம். நெஞ்சு படபடக்கும் நாளில் ஓட்டத்தை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

தைராய்டு வந்தால் ஓட்டம் அவ்வளவுதான் என்று பயப்படவும் வேண்டாம். அமெரிக்காவின் கெயில் டெவர்ஸுக்கு இருந்தது நேர் எதிரான கோளாறு, தைராய்டு மிகையாகச் சுரக்கும் கிரேவ்ஸ் நோய். சிகிச்சையின்போது பாதங்களையே இழக்கும் நிலைக்குப் போனவர், 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் 100 மீட்டரில் தங்கம் வென்றார். 1996 அட்லாண்டாவிலும் அதே தங்கம்.

நம் ஊரில் அளவைவிட நேரம்தான் தகராறு. விடிகாலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு மாத்திரை, உடனே முக்கால் மணி நேர நடை, அப்புறம் காபி: இதைவிடத் தோதான ஏற்பாடு கிடையாது. காபியோடு சேர்த்து விழுங்கினால் மருந்து சரியாக உள்ளே போகாது. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். சோயா கலந்த புரோட்டீன் பவுடரையும் தள்ளியே வையுங்கள்.

உடற்பயிற்சியால் எடை கணிசமாகக் குறைந்தால் அளவை மாற்ற வேண்டி வரலாம். அதை டெஸ்ட் பார்த்து டாக்டர் சொல்லட்டும். டெஸ்ட் எடுக்கும் நாளில் ரத்தம் கொடுத்த பிறகு மாத்திரையைப் போட்டுக்கொள்ளுங்கள். முடி வளர என்று பயோட்டின் சாப்பிடுகிறவர்கள் 2 நாள் முன்பே நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் சில லேப்களின் ரிப்போர்ட்டில் தைராய்டு எகிறியிருப்பதுபோலத் தெரியும். அதை நம்பி, சரியாக இருந்த அளவைக் குறைத்துவிட வாய்ப்பு உண்டு.