ஏட்டில் ஏறாத கூழ்

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக்குக் கரும்புத் தோட்ட வேலைக்காகக் கப்பலேறிய தமிழ்ப் பெண்கள் சமையல் குறிப்பு எதையும் எழுதி எடுத்துப் போகவில்லை. பெரும்பாலோருக்கு எழுத்து தெரியாது. 1860 நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிச் சென்ற ‘ட்ரூரோ’ கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. 1911 வரை இப்படி ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் ஏறத்தாழ 1,52,000 பேர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை மாகாணத்தவர். தமிழோ தெலுங்கோ பேசியவர்கள். கப்பல் பதிவேடுகளில் ஒவ்வொருவரின் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர் எல்லாம் உண்டு. அந்தப் பெண்ணுக்கு என்ன சமைக்கத் தெரியும் என்று எந்தக் குமாஸ்தாவும் கேட்டு எழுதவில்லை. அது தாயின் கையிலிருந்து மகளின் கைக்கும், மாமியாரின் கையிலிருந்து மருமகளின் கைக்கும் போய்ச் சேர்ந்ததுதான்.

அங்கே அந்தப் பெண்களுக்குக் கிடைத்த சாமான்கள் குறைவு. அரிசி, பருப்பு, உப்பு, கொஞ்சம் நெய் அல்லது எண்ணெய், கருவாடு ஆகியவை ஒப்பந்தப்படி முதலாளி அளக்க வேண்டிய படி. அரிசிக்குப் பதிலாக மக்காச்சோள மாவு அளந்த நாட்களும் உண்டு. பெண்ணுக்குக் கூலியும் பாதி, படியும் பாதி. இந்தப் பாதிப் படியை வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்துக்குச் சோறாக்கியதில்தான் நேட்டால் தமிழ்ச் சமையல் பிறந்தது. வரப்போரத்திலும் காட்டிலும் முளைத்த கீரையைப் பறித்தார்கள். அந்த மண்ணின் ஜூலு பெண்களும் அதே கீரைகளைப் பறித்து ‘இம்ஃபினோ’ என்ற பெயரில் சமைத்துக்கொண்டிருந்தார்கள். ஜூலு மக்கள் ‘அமடும்பே’ என்று வழங்கிய கிழங்கு, நம்மூர்ச் சேப்பங்கிழங்குதான். தேங்காய் எளிதில் கிடைக்காத இடத்தில் தக்காளி குழம்புக்கு உடம்பு கொடுத்தது. இன்றைய டர்பன் குழம்பில் தேங்காய் அருகியே இருப்பதும் தக்காளி தூக்கலாக இருப்பதும் இப்படி வந்த வழக்கங்கள். வீட்டுப் புறக்கடையில் கறிவேப்பிலையும் முருங்கையும் நட்டு வளர்த்தார்கள்.

இந்தச் சமையலின் முழுக் கதையையும் ஒரு பானைக் கூழில் பார்த்துவிடலாம். வட ஆற்காட்டிலும் செங்கல்பட்டிலும் ஆடி மாதத்தில் மாரியம்மனுக்கு வார்க்கும் கூழ் கேழ்வரகுக் கூழ். நேட்டாலில் கேழ்வரகின் இடத்தை மக்காச்சோள மாவு பிடித்தது. மாவைக் கரைத்துப் புளிக்கவைத்து, மறுநாள் காய்ச்சி ஆற்றி, புளித்த பாலோ மோரோ விட்டு, பொடியாக அரிந்த வெங்காயம் சேர்ப்பது முறை. ஜூலு மக்களும் மக்காச்சோள மாவைப் புளிக்கவைத்துக் கஞ்சி காய்ச்சுபவர்கள்தாம். பேச்சு புரியாத இரண்டு கூட்டத்தாருக்கு ஒரே புளிப்பு நாக்கில் பிடித்திருந்தது. ஆனால் தமிழ்ப் பெண்களுக்கு அங்கே ஒரு சிக்கல் காத்திருந்தது. தமிழ்நாட்டில் ஆடி மாதத்திலும் வெயிலின் சூடு விட்டிருக்காது. ஓரிரவில் மாவு பொங்கிவிடும். டர்பனில் அந்த ஜூலை, ஆகஸ்டு மாதங்கள் குளிர்காலம். அங்கே அதே மாவு புளிக்கக் கூடுதல் நேரம் பிடிக்கும். பானையை எங்கே வைப்பது, எத்தனை மணி நேரம் விடுவது, எந்த வாசனை வந்தால் அடுப்பில் ஏற்றுவது என்பதையெல்லாம் அந்தப் பெண்கள் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அம்மனுக்குக் கூழ் வார்க்கும் வழக்கம் நிற்கவில்லை. ‘பாரிட்ஜ் பிரேயர்’ என்ற ஆங்கிலப் பெயரில் இன்றும் நடக்கிறது.

சமையல் இப்படித் தாயிடமிருந்து மகளுக்குக் கைமாற ஒரே வீட்டில் இரண்டு மூன்று தலைமுறைப் பெண்கள் இருக்க வேண்டியிருந்தது. குடியிருப்புகளை இனவாரியாகப் பிரித்த 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டம் அதைக் கலைத்தது. டர்பனின் கேட்டோ மேனர் போன்ற இடங்களில் கூட்டுக் குடும்பமாகத் தோட்டமும் துரவுமாக இருந்தவர்கள், 1960களில் சாட்ஸ்வொர்த்தின் வரிசை வீடுகளுக்குப் பெயர்க்கப்பட்டார்கள். முருங்கை மரத்தைப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது. மாமியாரும் மருமகளும் ஓரடுப்பில் நின்றதும் பல வீடுகளில் அத்தோடு போயிற்று.

எழுதிவைக்க வேண்டும் என்ற எண்ணம் ஏறத்தாழ இதே காலத்தில் வந்தது தற்செயலாக இருக்க முடியாது. டர்பனில் பெண்கள் குழு ஒன்று, வீடு வீடாகக் கேட்டுத் திரட்டிய குறிப்புகளை 1961இல் ‘இந்தியன் டிலைட்ஸ்’ என்ற ஆங்கிலப் புத்தகமாக வெளியிட்டது. பல பதிப்புகள் கண்ட அந்தப் புத்தகம் மணப்பெண்ணுக்குத் தரும் பரிசாகவே ஆனது. அளவே சொல்லாமல் சமைத்த பெண்களின் கைப்பக்குவத்தை அச்சில் நிறுத்தியது பெரிய வேலை. அதை நடத்தியவர்கள் பெரும்பாலும் குஜராத்தி பேசும் வணிகக் குடும்பத்துப் பெண்கள் என்பதால், கரும்புத் தோட்ட வரிசைக் குடில்களின் அடுப்புக்குத் தனியாக ஒரு புத்தகம் தேவைப்பட்டது, இன்னும் தேவைப்படுகிறது.

பாதுகாப்பு என்று பேசும்போது எல்லாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது விருந்துச் சாப்பாடு. பிரியாணி, முறுக்கு, வடை, ‘சோஜி’ என்று அங்கே வழங்கும் ரவைக் கேசரி ஆகியவை கல்யாணத்திலும் தீபாவளியிலும் தாமாகவே பிழைத்துக்கொள்ளும். கடைக்காரரும் அவற்றைக் காப்பாற்றுவார். கீரைக் கடைசலையும் கருவாட்டுக் குழம்பையும் மக்காச்சோளக் கூழையும் காப்பாற்ற யாருக்கும் லாபம் இல்லை. பேரப்பிள்ளைகளுக்கு அவை வறுமையின் வாசனை. பாட்டிகளே சொல்லக் கூச்சப்படுவார்கள். பாதிப் படியில் குடும்பத்தைப் பிழைக்கவைத்த அறிவு முழுவதும் இருப்பது இந்தப் பண்டங்களில்தான், முதலில் மறைவதும் இவைதான். சமையல் காலத்துக்கேற்ப மாறுவது இயல்பு, எழுதிவைத்தால் அது உறைந்துபோகும் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். பழையது இன்னதென்று தெரிந்திருந்தால்தான் மாற்றுவதற்கே பொருள் உண்டு.

பண்டத்தோடு சொல்லும் போகிறது. நேட்டால் தமிழர் வீடுகளில் இன்று பேச்சுமொழி ஆங்கிலம். பலகாரங்களின் பெயர்கள் தங்கிவிட்டன. சமைக்கும் வினைச்சொற்கள் தங்கவில்லை. வெங்காயம் வதக்குவதற்கு அங்கே ‘பிரேஸ்’. எல்லாக் கீரைக்கும் ஒரே பெயர் ‘ஹெர்ப்ஸ்’. கடைவது வேறு, மசிப்பது வேறு, துவட்டுவது வேறு. கீரையைக் ‘கடை’ என்றால் மத்தும் சட்டியும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன. முளைக்கீரையா, தண்டுக்கீரையா, பண்ணைக்கீரையா என்று பிரித்துச் சொல்லத் தெரியாத வீட்டில், எதை எவ்வளவு நேரம் வேகவைப்பது என்பதும் மங்கிப்போகும். ஆங்கிலத்தில் எழுதிய குறிப்பு எவ்வளவு நல்லதானாலும் இந்த இழப்பை ஈடு செய்யாது.

வீட்டளவில் பதிவு செய்வதற்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம். சொல்லக் கேட்டு எழுதுவதைவிடச் சமைக்கும்போது பக்கத்தில் நிற்பது நல்லது. பாட்டி கைப்பிடியில் எடுக்கும் மாவைச் சட்டிக்குப் போகுமுன் ஒரு கிண்ணத்தில் வாங்கித் தராசில் நிறுத்துக்கொள்ளலாம். விடும் தண்ணீரையும் அப்படியே. கூழ் போன்றவற்றுக்கு மாதம், குளிர், புளித்த நேரம், எந்த வாசனையில் பாட்டி போதும் என்றார் என்பது எல்லாம் குறிப்பில் ஏற வேண்டும். குரலைப் பதிவு செய்தால் அவர் வாயில் மிஞ்சியிருக்கும் தமிழ்ச் சொற்களும் கிடைக்கும். ஒரே பண்டத்தை மூன்று முறையாவது அளந்தால்தான் எது வழக்கம், எது அன்றைய கைத்தவறு என்று தெரியும்.

யாரிடம் கற்றார் என்ற கேள்வி கடைசியாக வருவது. பாட்டி தன் தாயைச் சொல்வார், தாய்க்குத் தாயைச் சொல்வார்; நாலைந்து பெயர்களில் கப்பலில் வந்தவர் வந்துவிடுவார். கூலியாய் வந்த ஒவ்வொருவருக்கும் பதிவேட்டில் ஓர் எண் உண்டு. வாரிசுகள் இப்போது அந்த எண்களைத் தேடி எடுக்கிறார்கள். அந்த எண்ணையும் பெயரையும் கூழ்க் குறிப்பின் தலைப்பில் எழுதிவிடலாம்.