வாடகை வீட்டு மின்சாரம் யார் பெயரில்?

இரப்பர்த் தோட்டத்து வீட்டில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. அதற்கெனத் தனியே சீட்டு வருவதில்லை. தோட்டத்தில் குடியிருக்கும் தொழிலாளர்களுக்குப் போதிய குழாய்நீரை இலவசமாக வழங்குவதும், மின்வசதி செய்து தருவதும் முதலாளியின் கடமையென 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டம் கூறுகிறது. மின்சாரத்திற்குப் பணம் செலுத்த வேண்டியிருந்தாலும், பல தோட்டங்களில் அது சம்பளச் சீட்டிலேயே பிடித்தமாகிவிடும். ஆகவே, முப்பது ஆண்டுகள் பால்மரம் சீவியவர்கூட ஒரு மின்கட்டணச் சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்திராமல் இருப்பது வியப்பன்று.

ஓய்வு பெற்றதாலோ, தோட்டம் விற்கப்பட்டதாலோ, பிள்ளைகளின் வேலையை முன்னிட்டோ பட்டணத்துத் தாமானில் வீடு பிடிக்கச் செல்லும் குடும்பம் முதலில் திகைத்து நிற்பது முன்பணத்தைக் கேட்டுத்தான். மாத வாடகை 600 வெள்ளி என்றால் 600 வெள்ளியோடு சென்றால் போதும் என்று எண்ணுகிறோம். வீட்டுக்காரர் கேட்பதோ வேறு. இரண்டு மாத வாடகை வைப்புத்தொகை 1,200 வெள்ளி. தண்ணீர், மின்சாரத்திற்கான வைப்புத்தொகையென அரை மாத வாடகை 300 வெள்ளி. முதல் மாத வாடகை 600 வெள்ளி. ஆக, சாவி கைக்கு வருமுன் 2,100 வெள்ளி கைவிட்டுப் போகிறது. இந்த அளவைச் சட்டம் விதிக்கவில்லை. நாளடைவில் வழக்கமாகிவிட்ட ஒன்று. எனவே பேசிக் குறைத்துக்கொள்ள இடமுண்டு.

இங்கே ஒரு குழப்பத்தை நீக்கிக்கொள்வது நலம். வீட்டுக்காரரிடம் கொடுக்கும் அந்த 300 வெள்ளி அவரிடமே இருப்பது. நீங்கள் கட்டாமல் விட்டுச் சென்ற பாக்கிக்கு அவர் அதை ஈடாக வைத்திருக்கிறார். தெனாகா நேஷனல் நிறுவனம் கேட்கும் வைப்புத்தொகை இதனின்றும் வேறுபட்டது. மின்கணக்கை உங்கள் பெயருக்கு மாற்றும்போது, ஏறத்தாழ இரண்டு மாதக் கட்டணத்திற்குச் சமமான தொகையை அந்நிறுவனத்திடம் கட்ட வேண்டும். ஆகவே கணக்கு உங்கள் பெயருக்கு வருமானால், ஒரே மின்சாரத்திற்கு இரண்டு இடங்களில் வைப்புத்தொகை கட்டுகிறீர்கள். அதைச் சுட்டிக்காட்டி, வீட்டுக்காரர் கேட்கும் தொகையைத் தண்ணீருக்கு மட்டும் போதுமான அளவாகக் குறைக்கும்படி கேட்பது முறையே. கேட்கக் கூச்சப்படுவோரே நம்மில் மிகுதி.

அப்படியானால் பெயரை மாற்றாமல், வீட்டுக்காரர் பெயரிலேயே விட்டுவிட்டு மாதந்தோறும் கட்டி வந்தால் போதாதா என்று கேட்கலாம். பலர் அவ்வாறே செய்கின்றனர், கைப்பணமும் மிச்சமாகிறது. ஆனால், சீட்டு எவர் பெயரில் வருகிறதோ அவரே அந்நிறுவனத்தின் வாடிக்கையாளர். நீங்கள் பணத்தை வீட்டுக்காரரிடம் கொடுத்து, அவர் கட்டத் தவறினால் இருளில் அமர்வது உங்கள் குடும்பம். வாடகைத் தகராறு மூண்டால், கணக்குக்கு உரியவர் என்ற முறையில் அவரே விண்ணப்பித்து இணைப்பை நிறுத்திவிட இயலும். குடியிருப்பவரை நீதிமன்ற ஆணையின்றி வெளியேற்றலாகாது என 1950ஆம் ஆண்டின் குறித்த நிவாரணச் சட்டத்தின் 7ஆம் பிரிவு பாதுகாப்பு அளிக்கிறது. எனினும், விளக்கணைந்த வீட்டில் குழந்தைகளோடு இருந்துகொண்டு வழக்காடுவது எளிதா? ஓராண்டோ அதற்கு மேலோ தங்கும் எண்ணமிருந்தால் பெயரை மாற்றிக்கொள்வதே சிறந்தது என்பது என் கருத்து.

பெயர் மாற்றத்திற்கு அடையாளக் கார்டு, வாடகை ஒப்பந்தம், பழைய கட்டணச் சீட்டு ஆகியவற்றோடு கெடாய் தெனாகா அலுவலகத்திற்குச் செல்லலாம். கைத்தொலைபேசி வழியாக இணையத்திலும் விண்ணப்பிக்கலாம். பழைய சீட்டில் கணக்கு எண் இருக்கும். முன்னவர் வைத்த பாக்கி ஏதேனும் உண்டா என்பதும் அதிலேயே தெரியும். பாக்கி இருந்தால், அது தீர்க்கப்படும் வரை ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டா. ஒப்பந்தம் எழுத்தில் இருத்தல் வேண்டும். கையெழுத்திட்ட 30 நாள்களுக்குள் உள்நாட்டு வருமான வரி வாரியத்தில் முத்திரை வரி செலுத்தப்பட வேண்டும். முத்திரையில்லாப் பத்திரத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்பதில்லை.

சாவி வாங்கும் நாளன்று, பொருள்களை இறக்குவதற்கு முன் மீட்டரின் முன்னே நில்லுங்கள். அதில் காணும் எண்ணை வீட்டுக்காரரின் முன்னிலையிலேயே குறித்து, தேதியிட்டு, இருவரும் கையொப்பமிடுங்கள். கைத்தொலைபேசியில் படமும் எடுத்து வையுங்கள். அந்த எண் வரை முன்னவர் கணக்கு. அதற்கு மேல் உங்கள் கணக்கு. மீட்டரின் முத்திரை அறுந்திருக்கிறதா, மூடி திறக்கப்பட்ட அடையாளம் உண்டா எனவும் பாருங்கள். ஐயம் ஏற்பட்டால் பெயரை மாற்றுவதற்கு முன்பே தெனாகா நேஷனல் நிறுவனத்திடம் தெரிவித்துவிட வேண்டும். மீட்டரில் எவரோ முன்பு கைவைத்திருந்தால், விடுபட்ட மின்சாரத்திற்கான பெருந்தொகை கணக்கில் பதிந்திருப்பவரிடமே கேட்கப்படக்கூடும். 'கட்டணத்தைப் பாதியாகக் குறைத்துத் தருகிறேன்' என்று வீட்டு வாசலுக்கு வரும் ஆள்களை உள்ளே விடவே கூடாது. அவர்கள் சில நூறு வெள்ளியோடு போய்விடுவார்கள். குற்றம் உங்கள் தலையில் விழும்.

முதற்சீட்டு வந்ததும் அதிலுள்ள யூனிட் கணக்கைப் படித்துப் பழகுங்கள். ஆயிரம் வாட் இஸ்திரிப்பெட்டி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 75 வாட் மின்விசிறி இரவு பத்து மணி நேரம் சுழன்றாலும் ஒரு யூனிட்டை எட்டாது. குளியலறையில் மாட்டியுள்ள 3,600 வாட் வெந்நீர்க் கருவியோ அப்படியன்று. ஐந்து பேர் ஆளுக்குப் பத்து நிமிடம் குளித்தால் நாளொன்றுக்கு மூன்று யூனிட், மாதத்திற்கு 90 யூனிட் அந்த ஒன்றே விழுங்கிவிடும். மின்விசிறியை நிறுத்திப் புழுங்குவதில் பயன் அதிகமில்லை. வெந்நீரைக் குறைத்தால் பயனுண்டு. 2025 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள கட்டண முறையில், மாதம் 1,000 யூனிட் வரை பயன்படுத்தும் வீடுகளுக்குச் சிக்கன ஊக்கக் கழிவு உண்டு. 600 யூனிட்டைத் தாண்டாத வீடுகள் 10 வெள்ளி மாதாந்திர நிலைக்கட்டணத்தையும் செலுத்த வேண்டியதில்லை. இ-காசே பதிவேட்டில் கடும் ஏழ்மை நிலையினராகப் பதியப்பட்ட குடும்பங்களுக்கு மாதம் 40 வெள்ளி வரை மின்கட்டணக் கழிவு வழங்கப்படுகிறது.

தண்ணீர் விநியோகம் மாநிலத்திற்கு மாநிலம் வேறு நிறுவனங்களிடம் உள்ளது. சிலாங்கூரில் ஆயர் சிலாங்கூர். நெகிரி செம்பிலானில் அம்மாநிலத் தண்ணீர் நிறுவனம். பல வாடகை வீடுகளில் தண்ணீர்க் கணக்கு வீட்டுக்காரர் பெயரிலேயே நீடிக்கிறது. அவ்வாறாயின் பணத்தை அவர் கையில் கொடாமல், சீட்டை வாங்கி நீங்களே கட்டி, ரசீதை ஓர் உறையில் சேர்த்து வையுங்கள். கசிவு இருக்கிறதா என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீட்டரைப் பாருங்கள். அப்போதும் முள் நகருமானால் எங்கோ தண்ணீர் ஒழுகுகிறது. ஒரு கன மீட்டர் என்பது 1,000 லிட்டர். ஓயாமல் சொட்டும் கழிப்பறைத் தொட்டி நாளடைவில் சத்தமின்றி இந்த அளவைத் தாண்டிவிடும்.

நில வரியும், ஆண்டுக்கு இருமுறை நகராண்மைக்குக் கட்டும் வீட்டு வரியும் உரிமையாளரைச் சேர்ந்தவை. அடுக்குமாடி வீட்டின் பராமரிப்புக் கட்டணமும் அவ்வாறே. இவற்றை வாடகையோடு சேர்த்துக் கேட்டால் ஒப்பந்தத்தில் அவ்வாறு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கழிவுநீர்க் கட்டணத்தை யார் செலுத்துவது என்பதையும் அதில் ஒரு வரியில் எழுதிவிட்டால் பிறகு வாக்குவாதம் எழாது.

வீட்டைக் காலி செய்யும் நாளிலும் மீட்டர் எண்ணைக் குறிக்க மறவாதீர்கள். கணக்கை முடிக்காமல் சென்றால், பின்னர் குடிவருபவர் எரிக்கும் விளக்கிற்கும் உங்கள் பெயரிலேயே சீட்டு வரும். கணக்கை முடிக்க விண்ணப்பிக்கும்போது கடைசிக் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு, மீதமுள்ள வைப்புத்தொகையைத் திருப்பித் தருவார்கள். விண்ணப்பத்தில் வங்கிக் கணக்கு எண்ணையும் புது முகவரியையும் தெளிவாக எழுதிக் கொடுங்கள்.