வடவெல்லை வழியே – 7: பாதிரியாரும் பத்மநாபனும்

எளாவூர் சோதனைச் சாவடியைத் தாண்டினால் ஆரம்பாக்கம், அடுத்தது தடா. அங்கே ஆந்திரம் தொடங்கிவிடும். 2008-ல் உருவான ஸ்ரீசிட்டி அந்தப் பக்கம், கும்மிடிப்பூண்டி சிப்காட் இந்தப் பக்கம். ஸ்ரீசிட்டித் தொழிற்சாலைகளில் ஜப்பானிய நிறுவனங்கள் கணிசம். அவற்றை நடத்த வரும் அயல்நாட்டுப் பொறியாளர்களும் மேலாளர்களும் சில ஆண்டுகள் இங்கேயே குடியிருப்பவர்கள். கோயில் பார்க்க ஆசைப்படும் அப்படியொருவரை நாம் மாமல்லபுரத்துக்கும் காஞ்சிக்கும் தஞ்சைக்கும் அனுப்புகிறோம். அவை பார்க்க வேண்டியவைதான், மறுக்கவில்லை. ஆனால் அதே இடங்களைச் சுற்றுலாப் பயணியும் நான்கு நாளில் பார்த்துவிட்டுப் போகிறார். குடியிருப்பவருக்கு அவரிடம் இல்லாத முதல் ஒன்று உண்டு: ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகலாம், அங்குள்ள மனிதரோடு பழகலாம். அந்த முதலைத் தொலைவிலுள்ள பெருங்கோயில்களில் கரைப்பதைவிட அண்டை ஊர்க் கோயில் ஒன்றில் போடுவதே லாபம் என்பது என் கட்சி. அதற்குச் சாட்சி எளாவூருக்குக் கிழக்கே, பழவேற்காடு ஏரிக்கரையிலேயே இருக்கிறது.

பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-ல் கட்டி முடித்த கெல்ட்ரியா கோட்டை, சோழமண்டலக் கரை முழுவதற்கும் அவர்களுடைய தலைமையிடமாக 1690 வரை இருந்தது. துணி வாங்கிக் கப்பலேற்றுவதுதான் அங்கே வேலை. ஆபிரகாம் ரோஜேரியஸ் என்ற பாதிரியார் 1630-களின் தொடக்கத்தில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களுக்கு வழிபாடு நடத்த வந்து, ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் தங்கினார். அந்தக் காலத்தில் அவருக்குப் பத்மநாபன் என்ற பிராமணரின் பழக்கம் கிடைத்தது. இருவருக்கும் பொதுவாக இருந்த மொழி போர்த்துகீசியம். இருவருக்குமே அது தாய்மொழி அல்ல. அந்த அரைகுறைப் பாலத்தின் வழியாகத்தான் சாதி ஒழுக்கம், திருமணம், கோயில் வழிபாடு, திருவிழா எல்லாம் பாதிரியாரின் குறிப்பேட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. பத்மநாபன் விளக்கிச் சொன்ன பர்த்ருஹரியின் நீதிச் செய்யுள்களும் கூடவே போயின. ரோஜேரியஸ் 1649-ல் இறந்தார். அந்தக் குறிப்புகளிலிருந்து எழுந்த நூல் 1651-ல் லைடனில் அச்சாயிற்று, பிறகு ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் வந்தது. சமஸ்கிருதக் கவிஞர் ஒருவரின் செய்யுள்கள் ஐரோப்பிய மொழியில் அச்சேறியது அதுவே முதல் முறை என்பார்கள். கவனிக்க வேண்டியது ஒன்று: நெடும்பயணம் செய்து பல தலங்களை எண்ணியவர் எழுதிய நூல் அல்ல இது. ஓர் ஊரில் உட்கார்ந்து ஒருவரைக் கேட்டவர் எழுதியது.

இதற்கு மறுப்பு எழும். எழ வேண்டும். நூலின் தலைப்பே நம் சமயத்தை அஞ்ஞானம் என்றுதானே சொல்கிறது? ஆம், சொல்கிறது. அதே கோட்டையிலிருந்து கம்பெனி அடிமைகளையும் கப்பலேற்றியது. அதை ஒளித்துவிட்டுப் பாதிரியாரைப் புகழ முடியாது. பத்மநாபன் சொன்னதும் ஒரு பிராமணரின் கண்ணுக்குத் தெரிந்த கோயில்தான். மேளக்காரரையோ தேர்வடம் பிடித்தவரையோ கேட்டிருந்தால் வேறு நூல் கிடைத்திருக்கும். இவை எல்லாம் உண்மை என்றாலும், என் கட்சி இவற்றால் பலவீனப்படவில்லை. ஒரே ஆளைக் கேட்டது குறை என்றால், அதற்கு மருந்து அதே ஊரில் இன்னும் பலரைக் கேட்பதுதான். ஊர் ஊராக ஓடுவதல்ல. இன்னொரு மறுப்பு வாசலைப் பற்றியது. இந்து அல்லாதவர் கொடிமரத்தைத் தாண்டக் கூடாது என்று பலகை வைக்கும்படி 2024 ஜனவரியில் பழனி கோயில் வழக்கில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. நம்பிக்கையோடு வருபவர் உறுதிமொழி எழுதிக் கொடுத்து உள்ளே போகலாம் என்ற வழியும் அந்த உத்தரவில் உண்டு. எழுத மனமில்லாதவருக்குக் கருவறை இல்லை, அவ்வளவே. புறப்பாடு வீதியில்தான் நடக்கிறது, தேரும் வீதியில்தான் ஓடுகிறது.

சரி, அண்டையில் அப்படி என்ன இருக்கிறது? பொன்னேரிக்கும் பழவேற்காட்டுக்கும் இடையிலுள்ள திருப்பாலைவனத்தில் பாலீசுவரர் கோயில். விமானத்தின் பின்புறம் சதுரமாக முடியாமல் யானையின் முதுகுபோல வளைந்து போகும்; தூங்கானை மாடம் என்பது இதுதான். தொண்டை மண்டலத்தில் இந்த வடிவத்தின் மீது தனி மோகமே இருந்திருக்கிறது. திருவொற்றியூரில் முதலாம் இராசேந்திரன் காலத்தில் எழுந்த கல் விமானமும் இவ்வகையே. அதைக் கட்டிய தச்சன் ரவி என்ற வீரசோழத் தச்சன், கட்டத் தூண்டியவர் சதுரானன பண்டிதர் என்று கல்வெட்டு பெயர் சொல்கிறது. ரேணிகுண்டாவுக்குப் பக்கத்துக் குடிமல்லத்தில், கிறிஸ்துவுக்கு முந்தையது எனப் பலர் கருதும் லிங்கத்தைச் சுற்றிப் பிற்காலத்தில் எழுந்த கோயிலும் வளைந்த முதுகு கொண்டதே. மூன்றையும் ஒப்பிட ஒரு ஞாயிறு போதாது, ஓர் ஆண்டு தாராளம். மாமல்லபுரத்தில் சகாதேவ ரதத்தைப் பார்த்துக் கடந்துபோன அயலாருக்கு அதன் உறவினர்கள் இவர்கள் என்பது அப்போதுதான் பிடிபடும்.

வாரத்தில் ஆறு நாள் தொழிற்சாலை, இதற்கு நேரம் ஏது என்பார்கள். கோயில் தன் ஆண்டுக் கணக்கைத் தானே வைத்திருப்பதால் நேரம் அவ்வளவு வேண்டியதில்லை. மூன்றாண்டு ஒப்பந்தக்காரருக்கு ஒரே பிரம்மோற்சவம் மூன்று முறை வாய்க்கும். முதல் ஆண்டு கூட்டமும் சத்தமும் மட்டும் தெரியும். அடுத்த ஆண்டு யார் தூக்குகிறார்கள், எந்த வீதியில் நிற்கிறார்கள் என்று தெரியும். மூன்றாம் ஆண்டில் எந்த நாள் யாருடைய உபயம், அதில் யாருக்கு வருத்தம் என்பதுகூடக் காதில் விழும். பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை நடக்கும் குடமுழுக்கு அந்த இடைவெளிக்குள் வருவது மட்டும் அவரவர் ஜாதகம்.