பள்ளிபாளையம் என்ற பெயரை யார் விற்கிறார்கள்?

யூடியூபில் ‘பள்ளிபாளையம்’ என்று தட்டிப் பாருங்கள். முதலில் வருவது சிக்கன். வரமிளகாயைக் கிள்ளிப் போட்டு, சின்ன வெங்காயம், தேங்காய்ச் சில்லு, கறிவேப்பிலை சேர்த்து வதக்கும் நம்மூர் வறுவல். சென்னை ஓட்டல்காரரும் செய்து காட்டுகிறார், வெளிநாட்டில் இருக்கும் தமிழரும் செய்து காட்டுகிறார். இன்னும் கொஞ்சம் தேடினால் வேறொரு பள்ளிபாளையம் வரும். கடனில் தவித்த விசைத்தறித் தொழிலாளர்களைத் தரகர்கள் சிறுநீரகம் விற்க வைத்ததாக 2025 ஜூலையில் வெளிவந்த செய்தி அது.

ஊர்ப் பெயர் நன்றாகத்தான் விற்கிறது. அந்தக் காசில் தறி ஓட்டும் அருந்ததியர் வீடுகளுக்கு வந்தது எவ்வளவு என்பதுதான் கேள்வி.

எல்லார் கையிலும் போன் இருக்கிறது, நாமே மசாலா அரைத்து, நாமே துண்டு நெய்து, வீடியோ போட்டு விற்கலாமே என்று கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் கேட்கிறார்கள். சரியான யோசனைதான். ஆனால், மற்றவர்களுக்கு இல்லாத ஒரு சிக்கல் நமக்கு முதல் வீடியோவிலேயே வரும். முகத்தையும் தெருவையும் காட்டுவதா, மறைப்பதா?

இது வெறும் பயம் இல்லை. 2018இல் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியப் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஆதிக்க சாதியினர் தகராறு செய்தார்கள். அவரைத்தான் இடமாற்றம் செய்தார்கள். போராட்டம் நடந்த பிறகே அந்த உத்தரவு ரத்தானது. அரசு கொடுத்த அரிசியை அரசுப் பள்ளியில் சமைப்பதற்கே இந்த நிலை என்றால், நம் வீட்டு அடுப்பில் வறுத்த மசாலாவை யார் வாங்குவார்கள்?

இந்தக் கேள்வியை நேராகவே சந்தையில் வைத்துப் பார்த்தவர் எழுத்தாளர் சந்திரபான் பிரசாத். 2016இல் ஊறுகாய், மஞ்சள்தூள், மசாலாவை இணையத்தில் விற்கத் தொடங்கியபோது ‘தலித் ஃபுட்ஸ்’ என்றே பெயர் வைத்தார். வாங்குகிறவர் தெரிந்தே வாங்கட்டும் என்பது அவர் கணக்கு.

அதைவிடத் தூரம் போனது மும்பையின் ‘சமார் ஸ்டூடியோ’. 2015இல் மகாராஷ்டிராவில் மாட்டிறைச்சித் தடை கடுமையானதும் தாராவித் தோல் தொழிலாளர்கள் பலர் பிழைப்பை இழந்தார்கள். சுதீர் ராஜ்பர் என்ற ஓவியர் அவர்களோடு சேர்ந்து, டயர், டியூப் கழிவிலிருந்து வரும் ரப்பரில் பை தைக்கத் தொடங்கினார். வடக்கே ‘சமார்’ என்பது தோல் வேலை செய்யும் சாதியின் பெயர். வசவாகவும் அதைத்தான் வீசுவார்கள். அதே சொல்லையே கடைக்குப் பெயராக்கினார். யார் தைத்தது, ஏன் தோல் இல்லை என்ற கதையும் பையோடு சேர்ந்து போனது. 2024 டிசம்பரில் அமெரிக்காவின் மயாமி நகர வடிவமைப்புக் கண்காட்சியில் அவர்கள் செய்த நாற்காலிகள் இருந்தன. பாடகி ரிஹானா அதில் உட்கார்ந்த படம் உலகம் முழுக்கப் பரவியது. விளம்பரத்துக்குக் கொட்ட அவர்களிடம் கோடிகள் இருக்கவில்லை. சொல்ல ஒரு உண்மை இருந்தது.

நம்மிடம் சொல்ல என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது. பாவு பிணைப்பதை ஒரு நிமிடம் படம் எடுத்தால் பார்க்காதவர்கள் வாய் பிளப்பார்கள். தார் சுற்றுவது, இழை அறுந்ததும் சத்தத்தை வைத்தே கண்டுபிடிப்பது, எந்தத் துண்டு சாயம் போகும், எது போகாது என்று தொட்டுச் சொல்வது எல்லாம் இங்கே தினப்படி வேலை. தினமும் ‘வாங்குங்க, வாங்குங்க’ என்று கத்தும் பக்கத்தை யாரும் தொடர்ந்து பார்ப்பதில்லை. தனக்குத் தெரியாததைச் சொல்லித் தருகிறவரைத் தேடி வருவார்கள். கவலை இறைக்கத் தோல் பறி தைத்துக் கொடுத்த தாத்தாக்களின் நினைவும் இன்னும் சில வீடுகளில் மிச்சம் இருக்கிறது. அதையும் யாராவது பதிவு செய்தால் நல்லது. விற்பனைக்கு இல்லாவிட்டாலும்.

ஒரு எச்சரிக்கை. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் தடை செய்யப்பட்டபோது, லட்சக்கணக்கில் ஆள் சேர்த்து வைத்திருந்தவர்கள் ஒரே இரவில் கைவீசி நின்றார்கள். யூடியூபும் இன்ஸ்டாகிராமும் வாடகை வீடுதான். வாங்கியவர் சம்மதத்தோடு அவர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பொருட்களின் படமும் விலையும் வாட்ஸ்அப் பிசினஸில் செலவில்லாமல் வைக்கலாம். தின்பண்டம், மசாலா என்றால் உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு எண் அட்டையில் இருக்க வேண்டும்.

வீடியோவைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. கூலிக்கு ஓட்டும் தறியில் நெய்த துண்டு நெய்தவருக்குச் சொந்தமில்லை. நூல் வேறொருவருடையது. முன்பணம் வாங்கியவர் பட்டறையை விட்டு அசையவும் முடியாது. பன்னிரண்டு மணி நேரம் தறியில் நின்று வந்தவரிடம் ‘தினம் ஒரு ரீல்ஸ் போடு’ என்று சொல்வது கேலி மாதிரி இருக்கும். எனவே சொந்த நூலுக்கான பணத்தைத்தான் முதலில் தேட வேண்டும். தாட்கோவின் முதலமைச்சரின் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் சமூகப் பொருளாதார மேம்பாட்டுத் திட்டத்தில் 35 சதவீதம், அதிகபட்சம் ரூ.3.5 லட்சம் வரை மானியம் உண்டு. பெரிதாகச் செய்ய நினைப்பவர்களுக்கு 2023இல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம். 35 சதவீத மூலதன மானியம் ரூ.1.5 கோடி வரை, வட்டியில் 6 சதவீத மானியம். நாமக்கல் மாவட்டத் தொழில் மையத்தில் கேட்கலாம். வங்கி இழுத்தடிக்கும், விண்ணப்ப எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் போக வேண்டியிருக்கும்.

முகத்தைக் காட்டி விற்றால் சாதியைச் சொல்லிக் கமெண்ட் வரும். பயந்து பக்கத்தை மூட வேண்டாம். யூடியூபில் சாதி சொல்லி இழிவுபடுத்துவதும் பொதுப் பார்வையில் செய்த குற்றமே என்று 2022இல் கேரள உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ‘இவர்களிடம் யாரும் வாங்காதீர்கள்’ என்று பொருளாதாரப் புறக்கணிப்பு செய்வதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வருகிறது. எழுதியவர் அழித்துவிடுவதற்கு முன் ஸ்கிரீன்ஷாட், தேதி, இணைப்பு மூன்றையும் எடுத்து வைத்துவிடுங்கள்.