பல கோப்பு, ஒரே பக்கம்

செய்தித்தளம் ஒன்றைத் திறக்கிறோம். மேலே நம் பெயர், நடுவில் செய்தி, ஓரத்தில் அதிகம் படிக்கப்பட்டவை. கண்ணுக்கு ஒரே பக்கம்தான். சர்வரில் அது தனித்தனி டெம்ப்ளேட் (பக்க வார்ப்புரு) கோப்புகளாக இருக்கிறது. உள்ளே நுழைந்திருப்பவர் யார் என்பது அத்தனை கோப்புகளுக்கும் எப்படித் தெரிகிறது?

ஜாங்கோவை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், லாரன்ஸ் நகர நாளிதழின் இணையப் பிரிவில் ஏட்ரியன் ஹொலொவாட்டியும் சைமன் வில்லிசனும் 2003-இல் எழுதத் தொடங்கிய பைத்தான் மென்பொருள் அது. 2005-இல் எல்லோருக்கும் இலவசமாக வெளியானது.

உலாவியின் கோரிக்கை வந்ததும் ‘வியூ’ என்ற நிரல்பகுதி வேண்டிய தரவைத் திரட்டி டெம்ப்ளேட்டிடம் கொடுக்கிறது. அந்தத் தொகுப்புதான் காண்டெக்ஸ்ட். பயனரின் பெயர்போல எல்லாப் பக்கங்களுக்கும் வேண்டியதை ‘காண்டெக்ஸ்ட் பிராசஸர்’ என்னும் சிறு நிரல்கள் தாமாகவே சேர்த்துவிடும்.

காண்டெக்ஸ்ட்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தட்டுகளாக நினைத்துக்கொள்ளலாம். ஒரு பெயரைக் கேட்டால் மேல்தட்டில் தொடங்கிக் கீழ்நோக்கித் தேடும். ‘ஃபார்’ சுழற்சி தொடங்கும்போது மேலே புதுத் தட்டு ஒன்று ஏறும், முடிந்ததும் இறங்கிவிடும். ‘எக்ஸ்டெண்ட்ஸ்’ என்ற டெம்ப்ளேட் கட்டளை மூலம் தாய்ப் பக்கத்தோடு சேரும் பக்கத்துக்கும் தாய்ப் பக்கத்துக்கும் இதே அடுக்குதான். ‘இன்க்ளூட்’ மூலம் உள்ளே வரும் துண்டும் அடுக்கு முழுவதையும் பார்க்கும். ஆனால் அந்தத் துண்டுக்குள் உருவான மதிப்பு வெளியே வராது.

பயனரின் பெயரைக் காட்ட இத்தனை ஏற்பாடு எதற்கு, பொது மாறி ஒன்றில் அதைப் போட்டு வைத்தால் போதாதா? போதாது, அது ஆபத்தும்கூட. சர்வரில் ஓடும் ஒரே நிரல் ஒரே நேரத்தில் பலருடைய கோரிக்கைகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும். பொது மாறியில் வைத்தால் ஒருவரின் பெயரும் கணக்கு விவரமும் இன்னொருவரின் திரையில் தோன்றிவிடக்கூடும். காண்டெக்ஸ்ட் ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிதாக உருவாகிறது, பதில் போனதும் அதன் வேலை முடிந்தது. பயனரின் அந்தரங்கத்தைக் காப்பதில் இந்தச் சிறிய ஒழுங்குக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனாலும் எல்லாத் துண்டுகளும் எல்லாவற்றையும் பார்ப்பது நல்லதல்ல. எந்தத் துண்டு எந்தத் தரவை நம்பி இருக்கிறது என்பது ஆறு மாதம் கழித்து எழுதியவருக்கே புரியாது. அதற்காகவே ‘இன்க்ளூட்’ கட்டளையோடு சேர்த்து எழுதும் ‘ஒன்லி’ இருக்கிறது: ‘வித்’ மூலம் பெயர் சொல்லிக் கொடுத்த மதிப்புகள் மட்டுமே துண்டுக்குள் போகும். ஜாங்கோ கற்கத் தொடங்குகிறவர்கள் முதல் டெம்ப்ளேட்டிலேயே இந்தப் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.